நொய்யல் ஓரத்துத் தோட்டமும் பாலைவன வேர்ப் பூஞ்சையும்

கேள்வி இதுதான்: "ஏனுங்க, எங்க தோட்டம் நொய்யலுக்குத் தெக்கால அரை மைல்ல இருக்குதுங்க. கிணத்துத் தண்ணி டிடிஎஸ் 2000-க்குக் கொறையறதில்லை. மக்காச்சோளம் போட்டா எலை ஓரம் கருகுது. பாலைவனத்து உப்புச் செடி வேருக்குள்ள ஒரு பூஞ்சை இருக்குது, அதை எடுத்து நம்ம பயிருக்குக் குடுத்தா உப்பு ஒன்னும் பண்ணாதுன்னு ஒரு வீடியோவுல பாத்தனுங்க. நெசமுங்களா? எங்க கெடைக்கும்?"

பாதி நெசம்ங்க. அப்படிப்பட்ட பூஞ்சைகள் இருக்கின்றன. உப்பைத் தாங்க அவை செடிக்குக் கைகொடுப்பதையும் ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள். "உப்பு ஒன்னும் பண்ணாது" என்பதுதான் வியாபாரப் பேச்சு. நான் இருபது வருஷம் பயிர்நோய்க் கூடத்தில் பூஞ்சை வளர்த்தே காலம் தள்ளியவன். இப்போது காங்கேயம் பக்கம் நாலு ஏக்கர் கொறங்காடும் (மேய்ச்சல் காடு) கொஞ்சம் ஆடுமாக இருக்கிறேன். பூஞ்சை என்ன செய்யும் என்பதும் தெரியும், உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்பதும் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் உப்புக் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் ஆகும். டிடிஎஸ் 2000 என்றால் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. ஆக ஒரு தண்ணீருக்கு 200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் நாலு மூட்டை. ஒரு வெள்ளாமைக்குப் பன்னிரண்டு தண்ணீர் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் 48 மூட்டை உப்பை உங்கள் கையாலேயே ஏக்கருக்குள் இறக்குகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. வேருக்குள் கண்ணுக்குத் தெரியாத இழையாக ஓடும் ஒரு பூஞ்சை இந்த 48 மூட்டையைத் தின்றுவிடும் என்று யாராவது சொன்னால், அவரிடம் எடைத்தராசு இல்லை என்று அர்த்தம். பூஞ்சை மண்ணிலிருந்து உப்பை எடுப்பதில்லை. உப்புக்குள் நிற்கும் செடி சாகாமல் இருக்க உதவுகிறது, அவ்வளவுதான். மண்ணைச் சரிசெய்வது வேறு வேலை, செடியைத் தாங்கவைப்பது வேறு வேலை. வீடியோக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நொய்யல் ஓரத்தில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூரில் பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு சமையல் உப்போ கிளாபர் உப்போ அள்ளிப் போடுகிறார்கள். சாயம் துணியில் நிற்கும், உப்பு அத்தனையும் கழிவோடு வெளியே வந்துவிடும். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் சாயத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை வெளியே விடாத முறைக்கு வந்தார்கள். ஆற்றில் வருவதை நிறுத்திவிடலாம். நிலத்தடியில் இறங்கியது இறங்கியதுதான், அது மழையோடு மழையாக மெதுவாகத்தான் நகரும்.

சரி, பூஞ்சைக்கு வருவோம்.

உப்பு செடியை இரண்டு விதமாக அடிக்கிறது. ஒன்று தாகம். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது நஞ்சு. சோடியம் பார்வைக்குப் பொட்டாசியம் மாதிரியே இருப்பதால் அந்த வாசல் வழியாகவே உள்ளே புகுந்து, பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலையைக் கெடுக்கும். உங்கள் மக்காச்சோளத்தில் இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். தண்ணீரோடு மேலே ஏறிய உப்பு, தண்ணீர் ஆவியாகும் இலை ஓரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பாலைவனத்துச் செடி இதைத் தானாகவும் சமாளிக்கும். உப்பை இலைப் பைக்குள் பூட்டி வைக்கும், சில செடிகள் இலை மேலேயே உப்பைத் துப்பிவிடும். ஆனால் வேரைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது தனியாக இல்லை என்பது தெரியும். வேரின் தோலுக்குள் பூஞ்சை குடியிருக்கும், செடிக்கு நோய் எதுவும் இருக்காது. இதில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு.

ஒன்று நமக்குத் தெரிந்த வேம் (VAM) என்கிற வேர்ப் பூஞ்சை. வேளாண்மைத் துறையில் பையில் கிடைக்குமே, அதேதான். வேரின் செல்லுக்குள் போய்க் குட்டி மரம் மாதிரி கிளை விட்டு, செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுக்கும். செடி இல்லாமல் தனியாக வளராது, தட்டில் வைத்து வளர்க்க முடியாது. இரண்டாவது கூட்டம் கறுப்பு இழைப் பூஞ்சைகள். இழையின் சுவரில் மெலனின் இருக்கும், நம் தலைமுடிக்குக் கறுப்பு தருகிற அதே வகை நிறமி. இவை ஒரே இனமோ ஒரே குடும்பமோ கிடையாது. பல வம்சத்துப் பூஞ்சைகள் ஒரே மாதிரி வேலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வறட்சி, குளிர், உப்பு என்று நிலம் எவ்வளவுக்கு மோசமோ அங்கெல்லாம் இவை நிறைய.

உப்புப் பாலையில் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு ஏன் மவுசு என்றால், அங்கே முக்கால்வாசி உமரி வகைச் செடிகள். நம் கடற்கரை உமரி, கீரை, பீட்ரூட் எல்லாம் உறவுக்காரர்கள். இந்தக் குடும்பம் வேம் பூஞ்சையோடு பெரிதாகக் கூட்டு வைத்துக்கொள்வதில்லை. அப்படியானால் யாரும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்ததில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உப்புப் புதர் ஒன்றின் வேருக்குள் கறுப்பு இழைப் பூஞ்சை நெடுக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தனியாகப் பிரித்து வளர்த்து, கரையாத மணிச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை அதைக் கரைத்துச் செடிக்குக் கொடுத்தது. 2002-இல் வெளிவந்த ஆய்வு. நமக்கு இது ஏன் முக்கியம்? நம் பக்கமும் சுக்கான்கல் மண்தான். சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் நீங்கள் போடும் டிஏபி உரத்தின் மணிச்சத்தில் ஒரு பங்கு மண்ணிலேயே பூட்டிக்கொள்கிறது.

வீடியோவில் காட்டியது அநேகமாக இன்னொரு பூஞ்சையாக இருக்கும். அதன் கதை நம் ஊர்க்காரனுக்குச் சிரிப்பாக இருக்கும். 1990-களில் ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் டெல்லி ஆய்வாளர்கள் இரண்டு புதர்களின் வேரடி மண்ணை எடுத்தார்கள். ஒன்று காட்டு இலந்தை. இன்னொன்று எது தெரியுமா? சீமைக்கருவேலம்! நாம் ஜேசிபி வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கும் அதே வேலிமுள். அந்த மண்ணில் வேம் பூஞ்சையின் விதைத்தூளைத் தேடும்போது, அதோடு ஒட்டிக்கொண்டு பேரிக்காய் வடிவத்தில் வேறொரு தூள் கிடைத்தது. பேரிக்காய் என்பதை வைத்தே பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா என்று 1998-இல் பெயர் வைத்தார்கள். இப்போது அதைச் செரெண்டிபிடா இண்டிகா என்கிறார்கள். வேம் செய்யும் வேலையில் பலதையும் செய்கிறது, ஆனால் தட்டிலேயே வளர்கிறது. எனக்குத் தெரிந்து இதன் புகழுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தட்டில் வளரும் குணம்தான். வளர்க்க முடிந்தால் பாட்டிலில் அடைக்கலாம், அடைத்தால் விற்கலாம்.

ஆனால் வெறும் விளம்பரமும் இல்லை. 2005-இல் ஜெர்மனியில் கீசென் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பார்லியின் வேரில் இதை ஏற்றி, உப்புத் தண்ணீர் கட்டினார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம் உப்பு, உங்கள் கிணற்றைப் போல மூன்று மடங்கு. பூஞ்சை ஏறிய பார்லி, ஏறாததைவிட நன்றாக நின்றது. எப்படி என்று பார்த்தபோது, உப்பு அடிக்கும்போது செல்லுக்குள் கிளம்பும் ஆக்ஸிஜன் நஞ்சைத் துடைத்தெடுக்கும் நொதிகள் பூஞ்சை ஏறிய செடியில் கூடுதலாக வேலை செய்துகொண்டிருந்தன. அதாவது பூஞ்சை தானே சண்டைக்குப் போகவில்லை, செடியை முன்கூட்டியே முறுக்கிவிட்டு நிறுத்தியிருந்தது. பள்ளத்தில் ஆள் இறங்குவதற்கு முன்னாலேயே இடுப்பில் கயிறு கட்டிவிடுவது போல. வேறு பூஞ்சைகளில் வேறு வழிகள். சோடியம் தண்டுக்கு ஏறாமல் வேரிலேயே நிறுத்தி, பொட்டாசியத்தை மேலே அனுப்புவது ஒரு வழி. வேர் வளர ஊக்கும் ஹார்மோனைச் சுரந்து, ஈரத்தைத் தேடி வேரை ஆழம் போக விடுவது இன்னொரு வழி. எல்லாப் பூஞ்சையும் எல்லாவற்றையும் செய்வதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பார்லிச் சோதனை நடந்தது தொட்டியில். நம் தோட்டத்து மண்ணில் ஏற்கெனவே ஆயிரம் பூஞ்சை குடியிருக்கிறது. புதிதாக வருபவனுக்கு அவை இடம் கொடுக்க வேண்டுமே. தொட்டியில் ஜெயித்ததெல்லாம் காட்டில் ஜெயித்தால் நான் இந்நேரம் பங்களாவில் இருந்திருப்பேன்.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு 2008-இல் வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலக் கடலோர மணலில் ஒரு புல் வளர்கிறது. அதன் உள்ளே ஃபியூசேரியம் குல்மோரம் என்ற பூஞ்சை. பூஞ்சையை எடுத்துவிட்டு வளர்த்தபோது அந்தக் கடலோரப் புல்லாலேயே உப்பைத் தாங்க முடியவில்லை. திரும்ப ஏற்றினால் தாங்கியது. தக்காளியில் ஏற்றினால் தக்காளியும் தாங்கியது. இதோடு நின்றிருந்தால் வீடியோக்காரர் சொன்னது சரிதான். அவர்கள் அடுத்ததாக, உப்பே இல்லாத இடத்திலிருந்து அதே இனப் பூஞ்சையை எடுத்து ஏற்றிப் பார்த்தார்கள். உப்பைத் தாங்கும் குணம் வரவில்லை. பெயர் ஒன்று, இனம் ஒன்று, ஆனால் உப்பில் பிறந்து வளர்ந்த பூஞ்சைக்கு மட்டும்தான் அந்த வித்தை தெரிந்திருக்கிறது. இதற்கு நான் மேலே எழுதியதைவிட அதிக மதிப்பு கொடுப்பேன். பாட்டில் மேல் எழுதியிருக்கும் பெயரை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, எந்த மண்ணில் எடுத்தது என்று கேட்க வேண்டும். விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஃபியூசேரியம் குல்மோரம்தான் கோதுமையில் கதிர் கருகல் நோயையும் வேர் அழுகலையும் கொண்டுவருகிற பூஞ்சை. ஒரு வீட்டில் மாப்பிள்ளை, இன்னொரு வீட்டில் திருடன். அதனால் எவனோ பாலைவனத்திலிருந்து எடுத்தான் என்று பேர் தெரியாத ஒன்றை மஞ்சள் காட்டில் ஊற்றிவிடாதீர்கள். கிழங்கழுகல் ஏற்கெனவே போதும்.

நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். "பாலைவன வேர்ப் பூஞ்சை" என்று ஒரு கடையில் கொடுத்த திரவத்தை வாங்கிவந்து, ஊற்றுவதற்கு முன் பழக்க தோஷத்தில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். வெல்லப்பாகு வாசம், பாக்டீரியா நீந்திக்கொண்டிருந்தது, பூஞ்சை இழை ஒன்றுகூட இல்லை. திருப்பிக் கேட்டதற்கு "அது வேர்ல போய்த்தாங்க வளரும்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

ஆனால் அதே நுண்ணோக்கியில் நம் ஊர் வேரையே பார்த்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் கொறங்காட்டில், கிளுவை வேலி ஓரத்தில், வெள்வேலம் நிழலில் நிற்கும் கொழுக்கட்டைப் புல்லிலிருந்து நூல் கனத்து வேரை எடுத்தேன். தடித்த வேரில் ஒன்றும் தெரியாது, நுனிப் பக்கத்து மெல்லிய வேர்தான் வேண்டும். கழுவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சூடாக்கினால் வேரின் உள்ளிருப்பதெல்லாம் கரைந்து, வேகவைத்த சேமியா மாதிரி வெளுத்துவிடும். (கண்ணில் பட்டால் கண் போய்விடும், கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.) தண்ணீரில் அலசிவிட்டு, வெள்ளை வினிகரில் இருபதில் ஒரு பங்கு ஃபவுண்டன் பேனா மையைக் கலந்து மூன்று நிமிஷம் கொதிக்க வைத்தால் போதும். விலை கூடிய சாயம் எதுவும் வேண்டாம். 1998-இல் வெளிவந்த மலிவு முறை இது, நம் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலேயே செய்யலாம்.

நுண்ணோக்கியில் பார்த்தால் வேர் முழுக்க நீலம். செல்களுக்கு நடுவே கணுவே இல்லாத இழை ஓடும், இடையிடையே கோழி முட்டை மாதிரி உருண்டைகள், உள்ளே எண்ணெய்த் துளி. அது வேம். யாரும் பையில் வாங்கிப் போடாதது, நூறு வருஷமாக ஆடு மாடு மேயும் காட்டில் தானாக இருப்பது. அடுத்து, நொய்யல் கரையில் வெள்ளையாய் உப்புப் பூத்த வரப்பில் படர்ந்திருந்த அருகம்புல்லின் வேரை எடுத்து அதே போலச் செய்தேன். அதில் நீலம் குறைவு. அதற்குப் பதில், மை ஏறாமலேயே பழுப்பாக, மூங்கில் மாதிரி கணுக்கணுவாக இழைகள் தெரிந்தன. ஒரு செல்லுக்குள் அந்த இழை சுருண்டு, பச்சை மிளகுக் கொத்து காய்ந்து கறுத்த மாதிரி அடைந்து கிடந்தது. கறுப்பு இழைக் கூட்டம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அருகம்புல் உப்பு வரப்பில் ஏன் சாகவில்லை என்பதற்கு அதன் பரம்பரைக் குணம் ஒரு காரணம். உள்ளே குடியிருப்பவன் இன்னொரு காரணமாக இருக்கலாம். ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை, உங்கள் வரப்பிலேயே உப்பில் பழகிய பூஞ்சை இருக்கிறது.

அப்படியானால் வரப்பு மண்ணை அள்ளித் தோட்டத்தில் போடலாமா என்று கேட்பீர்கள். அள்ளிப் போட்டால் உப்பும் கோரைக் கிழங்கும் நூற்புழுவும் சேர்ந்து வரும். நான் செய்வது வேறு. கொறங்காட்டுப் புல்லடி மண் இரண்டு கைப்பிடியை நாற்றுப் பையில் மற்ற மண்ணோடு கலந்து முருங்கையும் வேம்பும் விதைக்கிறேன். வேர் பிஞ்சாக இருக்கும்போதே பூஞ்சை ஏறிவிட்டால் நட்ட பிறகு அந்தச் செடி கூடவே கொண்டுபோகும். கடையில் வாங்கும் வேமும் நாற்றங்காலில்தான் வேலை செய்யும், வளர்ந்த தென்னைக்கு மேலே தூவுவது காசைத் தூவுவதுதான்.

ஏறிய பூஞ்சையை நாமே கொல்லவும் செய்கிறோம். டிஏபி-யை அள்ளிப் போட்டால் செடிக்குப் பூஞ்சையின் தயவு தேவைப்படாது, வேரில் இடம் கொடுக்காது. கார்பென்டாசிம் என்கிற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் நோய்ப் பூஞ்சையோடு வேமும் சுருண்டுவிடும். கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ், முள்ளங்கிக்கு வேம் போடவே வேண்டாம், அந்தச் செடிகள் அதை ஏற்பதில்லை. மஞ்சள், தென்னை, சோளம், வெங்காயம் நன்றாக ஏற்கும்.

இதெல்லாம் சொன்ன பிறகு உங்கள் மக்காச்சோளத்துக்கு வருகிறேன். பூஞ்சை தரும் லாபத்தைவிடப் பயிரை மாற்றுவது தரும் லாபம் பெரிது. மண்ணின் உப்பை ஈசி (மின்கடத்து திறன்) என்று அளப்பார்கள். மக்காச்சோளம் 1.7 தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். சோளம் 6.8 வரை தாங்கும், பருத்தி 7.7 வரை. உங்கள் தண்ணீரே 3-க்குப் பக்கம் இருக்கும். டிடிஎஸ்ஸை 640-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஈசி வந்துவிடும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு மக்காச்சோளத்தைக் கட்டி மாரடிப்பதைவிட, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டால் எந்தப் பூஞ்சையும் இல்லாமலேயே நிற்கும். சோளத்தில் வேம் ஏறினால் இன்னும் நல்லது.

மண்ணையும் ஒருமுறை சோதனைக்குக் கொடுங்கள். ஈசி 4-க்கு மேல், பிஎச் 8.5-க்குக் கீழ் என்றால் உவர் நிலம், மழைத் தண்ணீரைத் தேக்கி அலசி வடிய விட வேண்டும். பிஎச் 8.5-க்கு மேல் போய், சோடியமும் கூடியிருந்தால் களர், அதற்கு ஜிப்சம் போட்டுவிட்டுத்தான் அலச வேண்டும். சாயத் தண்ணீர் பாய்ந்த இடத்தில் இரண்டும் கலந்தே இருக்கும், அதனால் கணக்குப் போடாமல் ஜிப்சம் வாங்காதீர்கள். "களர் கெடப் பிரண்டை இடு" என்று எங்கள் அப்பச்சி சொல்வார். பிரண்டைக்கு மாயம் எதுவும் இல்லை, ஆனால் தழையும் தட்டையும் மண்ணில் சேர்ந்தால் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் உப்பும் இறங்கும் என்கிற அளவில் அவர் சொன்னது சரிதான். சொட்டு நீர் வைத்திருந்தால் தட்டையால் மூடாக்குப் போடுங்கள், மேலே உப்புப் பூப்பது குறையும்.

வேரைப் பார்க்க ஆசையாக இருந்தால், மழை பெய்து ஒரு வாரம் கழித்து வரப்பு அருகம்புல்லையும் தோட்டத்துச் சோளத்தையும் வேரோடு தோண்டி, மண்ணை உதறாமல் ஈரத் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள். பேனா மையும் வினிகரும் என்னிடம் இருக்கின்றன.